அம்பக்கா எடுத்த ரீடிங்

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் அம்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. செக்கிங் மேஜையில் இருபத்தோரு வருஷம் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்து, பொத்தான் கோணலா, காலர் ஏறி இறங்கியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தைத்தவளிடமே திருப்பி அனுப்ப வேண்டும். நாளைக்கு அறுநூறு சட்டை. அவள் மேஜையைத் தாண்டிப் போன சட்டையில் வாங்கியவர்கள் குறை கண்டுபிடித்தது இதுவரை இரண்டே தடவை. அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக் கதவு இடுக்கில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் பில் செருகியிருந்தது. செருப்பைக் கழற்றாமலே படித்தாள். போன மாதம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்தபோது, எவனோ தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிட்டாள். இந்த மாதம் மூன்று மடங்கு.

"என்னங்க, நாம என்ன வீட்டுக்குள்ள மில்லா வெச்சு நடத்துறோம்?"

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் காலையும் மாலையும் கேட்கிற மனிதர் வீட்டில் எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெயில் காலம்ல" என்றார்.

"போன வெயிலுக்கும் இதே ஃபேன்தான் ஓடுச்சு."

அவளுக்கு இது வெறும் பணக் கணக்கு இல்லை, மானக் கணக்கு. போன வருஷம் அந்தக் கட்டடத்துக்குப் புது மீட்டர் மாட்டியபின் அவள் வீட்டு பில் பாதியாகக் குறைந்தது. தன் சிக்கனம்தான் காரணம் என்று அவள் கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றக் கூடாது, துணி துவைக்கும் மெஷின் வாரத்துக்கு இரண்டே முறை, பல் தேய்க்கும்போது குளியலறை விளக்கு எதற்கு. வீட்டுச் சொந்தக்காரரே ஒருமுறை, "மூணாம் நம்பர் வீட்டைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்தார்.

அது நான்கு வீடுகள் கொண்ட கட்டடம். கீழே ஒன்றும் இரண்டும், மேலே மூன்றும் நான்கும். மாடிப்படிக்கு அடியில், முதல் வீட்டுக் கதவை ஒட்டி, இரும்புப் பெட்டிக்குள் நான்கு மீட்டர்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்டில் எண். திங்கட்கிழமை காலை அம்பக்கா மூன்றாம் எண் மீட்டருக்கு முன்னால் நின்று, குறையுள்ள சட்டையைப் பார்ப்பது போலக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். சிவப்பு விளக்கு படபடவென்று மினுக்கியது. அவளுக்கு அது தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பது போலிருந்தது.

கரண்ட் ஆபீசில் புகார் வாங்கும் எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மீட்டர் பொய் சொல்லாதும்மா."

"மாட்டினது மனுஷங்கதானே சார்? எங்க கம்பெனி மெஷினும் பொய் சொல்லாது. ஆனா கோணலாத் தைக்கும்."

எழுத்தர் இப்போது நிமிர்ந்தார். "சோதனைக்குப் பணம் கட்டணும். மீட்டர் சரின்னு வந்தா அந்தப் பணம் திரும்பாது."

"கட்டுறேன். தப்புன்னு வந்தா நீங்க எனக்கு என்ன கட்டுவீங்க?"

அதற்கு அவரிடம் படிவம் இல்லை.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு லைன்மேன் வந்தார். அதற்காகவே அவள் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். அவர் மூன்றாம் எண் மீட்டரில் தன் சோதனைப் பெட்டியைக் கோத்துவிட்டுக் காத்திருந்தார். முதல் வீட்டிலிருந்து வெனிலா வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் குடிவந்த இளம் ஜோடியின் வீடு அது. மனைவி வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து விற்கிறவள்.

"உங்க மீட்டர் தங்கம்மா. துளி கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல" என்றார் லைன்மேன்.

"அப்போ இவ்வளவு எப்படி ஓடுது? மேல ஒரு ஃப்ரிட்ஜு, ஒரு ஃபேனு. வேற ஒண்ணும் இல்லையே!"

அவர் மினுக்கும் விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது ஃப்ரிட்ஜு, ஃபேன் ஓடுற வேகம் இல்லம்மா. பெருசா சூடு பண்ற சாமான் ஏதோ உள்ள ஓடுது. மெயின அணைச்சுட்டு வாங்க, பார்த்துடலாம்."

"மெயின அணைக்க முடியாது சார். உள்ள ஆள் தூங்குறாங்க."

"அப்போ தூங்குறவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை மூடினார். அன்றைக்கு அவருக்கு இன்னும் எட்டுப் புகார்கள் பாக்கியிருந்தன.

மேலே தூங்கிக்கொண்டிருந்தவர் கணவரின் அக்கா. அம்பக்காவுக்கு அண்ணி. ஆஸ்பத்திரியில் நிரந்தர இரவு நேர நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் தம்பி போய்க் கூட்டிவந்துவிட்டார். மகள் கல்லூரி விடுதியில் இருந்ததால் ஓர் அறை சும்மா கிடந்தது. காலை எட்டரைக்கு வருவார், குளிப்பார், பத்து மணிக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டால் மூன்று மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஸ்பூன் கூட விழக் கூடாது என்பது கணவர் போட்ட ஒரே சட்டம். "அவ சம்பளத்துல படிச்சவன் நான்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அண்ணி வந்து இரண்டு மாதம் ஆகிறது. பில் ஏறி இரண்டு மாதம் ஆகிறது.

அம்பக்கா மாடிப்படியில் ஏறும்போது இந்தக் கணக்கு தானாகவே மனதில் வந்து உட்கார்ந்தது. அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஃபேன் சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருக்கிறதா? இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு தையல் வரிசைக்கும் மேலே ஒரு பலகை தொங்கும். மணிக்கு எத்தனை சட்டை வந்தது, எத்தனை திரும்பியது என்று அதில் எழுதுவார்கள். எந்த மணியில் எண்ணிக்கை கோணுகிறதோ அந்த மணியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால் போதும், ஆள் கிடைத்துவிடும். அம்பக்கா வீட்டுக்கும் அதே மாதிரி ஒரு தாள் போட்டாள். ஆனால் பகலில் அவள் கம்பெனியில் இருப்பாளே, மணிக்கு மணி ரீடிங் யார் எடுப்பது?

கேக் செய்பவளிடம் கேட்டாள். மீட்டர் பெட்டி அவள் வாசலை ஒட்டித்தானே இருக்கிறது.

"இதுல என்னக்கா இருக்கு? கேக்க ஓவன்ல வெச்சுட்டா நான் சும்மாதானே நிக்கிறேன். ஒவ்வொரு தட்டு மாத்தும்போதும் எட்டிப் பார்த்து எழுதி வெக்கிறேன்" என்றாள் அவள். மாவு ஒட்டிய கையால் தாளை வாங்கி, "ஆனா உங்க வீட்டுக்குத்தான் பாவம் இப்படி வருது. எங்க பில்லப் பாருங்க, ஓவன் நாள் பூரா ஓடியும் கொஞ்சூண்டுதான். இந்தக் கம்பெனி ஓவன் கரண்டே குடிக்காதாம், கடைக்காரர் சொன்னாரு. நான்கூட நம்பல" என்றாள்.

அம்பக்காவுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஓவனின் கம்பெனிப் பெயரை மனதில் குறித்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் தாள் நிரம்பியது. கேக்காரியின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. காலை ஆறு முதல் பத்து வரை யூனிட் மெல்ல நகர்கிறது. பத்துக்கு மேல் குதிரை மாதிரி பாய்கிறது. மூன்று மணிக்கு மேல் மறுபடியும் பெட்டிப் பாம்பு. ஒன்பது நாளும் அப்படியே. பத்து முதல் மூன்று வரை உள்ள கட்டங்களுக்கு நேரே அம்பக்கா சிவப்பு அம்பு ஒட்டினாள். பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: அண்ணி தூங்கும் நேரம்.

கம்பெனியில் சாப்பாட்டு வேளையில், "எங்க வீட்ல ஒருத்தங்க கரண்ட்டத் தின்னே தூங்குறாங்க" என்று வேறு சொல்லிவைத்தாள். மேஜை முழுக்கச் சிரித்தது.

மறுநாள் சாயங்காலம் அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து அறைக்குள் நுழைந்தாள். அலமாரியைத் தொடவில்லை; அந்த அளவுக்கு நாணயம் இருந்தது. தலையணையைத் தூக்கினாள். அடியில் தட்டையான துணிப் பை போல ஒன்று, நீள ஒயர், பிளக். இடுப்புவலிக்கு வைக்கும் ஹீட்டிங் பேட். பெருசா சூடு பண்ற சாமான் என்றாரே லைன்மேன்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். பழக்க தோஷம், பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்துப் பிளக்கின் மேல் ஒட்டினாள். பேடைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பக்கத்தில் ரீடிங் தாள்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த அண்ணி மேஜையைப் பார்த்தார். தாளை எடுத்து நிதானமாகப் படித்தார், ஆஸ்பத்திரியில் நோயாளியின் தாளைப் படிப்பது போல.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"ஒம்பது நாள் அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க. பில்லு மூணு மடங்கு வருது. எதுலன்னு தெரியணும்ல?"

"ராத்திரி பூரா ஆளுங்களத் தூக்கிப் புரட்டிப் படுக்க வெக்கிறேன். இடுப்பு நிக்கல. அரை மணி நேரம் வெச்சாத்தான் தூக்கம் வரும். இது ஒரு பழைய குண்டு பல்பு தின்ற கரண்டுகூடத் தின்னாது."

"தாள் வேற சொல்லுதே அண்ணி."

"என்ன வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பில்லுல பாதி கட்டுன்னு சொல்லியிருந்தா கட்டியிருப்பேன்."

"நீங்க சொல்லாம வெச்சிருந்தீங்க…"

"தலையணைக்கு அடியில இருக்கிறதெல்லாம் சொல்லணுமா?"

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை. தலை சீவிக்கொண்டு வேலைக்குப் போனார். காலை எட்டரைக்கு வர வேண்டியவர் வரவில்லை. ஒன்பது மணிக்குத் தம்பிக்கு போன் வந்தது: நர்ஸ்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது, துணிமணிகளைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

கணவர் போனை வைத்துவிட்டு மேஜையில் கிடந்த பேடைப் பார்த்தார். பிளக்கில் ஒட்டியிருந்த அம்பைப் பார்த்தார்.

"சட்டைக்கு ஒட்டுறத மனுஷிக்கு ஒட்டிட்ட."

"நான் பேச்சுக்குக் கேட்டேங்க. போகச் சொன்னேனா?"

"அவ திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு இந்த வீட்ல சாப்பாடு வேணாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்றிலிருந்து மூன்று வேளையும் வேன் நிறுத்துமிடத்துக்கு எதிரே இருந்த கடையில்தான் சாப்பிட்டார். படுக்க மட்டும் வந்தார். இருபத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. வெறும் கோபம் என்றால் நாலு நாளில் தணிந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஐந்தாம் நாள் அவருடைய தட்டில் தூசி படிந்திருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம்தான் கேக்காரி மாடியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, பழைய தாள் தீர்ந்துபோச்சு. நானே ஒரு தாள்ல கோடு போட்டு எழுதினேன். இந்தாங்க, அஞ்சு நாள்."

ரீடிங் எடுப்பதை நிறுத்தச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அம்பக்கா தாளை வாங்கிக் கண்ணை ஓட்டினாள். பத்து முதல் மூன்று வரை குதிரை. ஐந்து நாளும்.

இந்த ஐந்து நாளும் அந்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடந்தது.

"சரியாத்தான் எழுதினியாம்மா?"

"சத்தியமாக்கா. நேத்து ஒரு நூறு கப் கேக் ஆர்டர். நேத்துதான் பாருங்க, உங்க மீட்டர் ரொம்ப வேகம்."

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்பக்கா தாளை விளக்குக்கு அடியில் கொண்டுபோய் விரித்தாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போகவில்லை. பதினோரு மணிக்கு வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினாள். ஃப்ரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. கீழே வந்து பெட்டியைத் திறந்தாள். மூன்றாம் எண் மீட்டர் ஒன்றும் நடக்காதது போலப் படபடவென்று மினுக்கிக்கொண்டிருந்தது. முதலாம் எண் மீட்டரின் விளக்கு அசையாமல் நின்றது. உள்ளேயோ ஓவனின் மணி அடித்தது, ஃபேன் சுற்றியது, ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, அந்த ஓவனக் கொஞ்சம் அணையேன்."

"ஐயோ அக்கா, கேக்கு அமுங்கிடும்!"

"அமுங்கினா அந்தக் கேக்க நான் வாங்கிக்கிறேன். அணை."

அவள் அணைத்தாள். மூன்றாம் எண் மீட்டரின் விளக்கு பெருமூச்சு விடுவதுபோல மெல்ல ஒருமுறை மினுக்கி, நெடுநேரம் கழித்து இன்னொரு முறை மினுக்கியது.

புது மீட்டர் மாட்டியவர்கள் ஒன்றாம் வீட்டு ஒயரையும் மூன்றாம் வீட்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாளிலிருந்து கீழ் வீட்டு பில் மேலே வந்துகொண்டிருந்தது, மேல் வீட்டு பில் கீழே போய்க்கொண்டிருந்தது. லைன்மேன் சொன்னது அத்தனையும் சரி. மீட்டர் தங்கம்தான். சூடு பண்ற சாமானும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கேக்காரிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மாவுக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்போ ஓவன் கரண்ட் குடிக்குதாக்கா?"

அம்பக்காவின் மனது வேறு இடத்தில் இருந்தது. கேக்காரிக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு லாரிக்காரர் இருந்தார். மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் தங்குவார். ஒரு ஃபேன், ஒரு பல்பு. புது மீட்டருக்குப் பிறகு பில் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார், "ஆளே இல்லாத வீட்டுக்கு இவ்வளவு எப்படி வரும்?" என்று. "ஃபேனப் போட்டுட்டே பூட்டிட்டுப் போவீங்க, அப்புறம் மீட்டரக் குத்தம் சொல்லுவீங்க" என்று அவருக்குப் பாடம் நடத்தியது அம்பக்காதான். ஏழு மாதம் புலம்பிவிட்டு அவர் வீட்டைக் காலி செய்தார். அந்த ஏழு மாதமும் அவள் பில் பாதியாக இருந்தது. அதுதான் அவளுடைய சிக்கனம்.

குறைந்து வந்த பில்லை அவள் ஒரு நாளும் விளக்குக்கு அடியில் விரித்துப் பார்க்கவில்லை. நல்ல சட்டையை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

கரண்ட் ஆபீசில் எழுத்தர் இந்தத் தடவை எழுந்தே நின்றார். ஒயரை மாற்றினார்கள், கணக்கைக் கூட்டிக் கழித்தார்கள். லாரிக்காரருக்குச் சேர வேண்டியதை வீட்டுச் சொந்தக்காரரிடம் போன் எண் வாங்கி அவளே அனுப்பினாள். அவர் போனில் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். அதெல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. முடியாதது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வேனை விடுதி வாசலில் நிறுத்திவிட்டு, "நீ போ. நான் வரல" என்றார் கணவர்.

அறையில் நான்கு கட்டில்கள். மூன்றில் இளம் நர்ஸ்கள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி நான்காவதில் உட்கார்ந்து சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வரும்படி தலையசைத்தார்.

அம்பக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஒயர், ஓவன், லாரிக்காரர், கம்பெனியில் சொல்லிச் சிரித்தது வரை. எதையும் விடவில்லை.

"கம்பெனியிலயுமா?"

"நேத்து அங்கேயும் உண்மையச் சொல்லிட்டேன் அண்ணி. ஒருத்தரும் சிரிக்கல."

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஒண்ணு கேக்கிறேன். ஒயர் சரியா இருந்து, நெசமாவே என் பேடுதான் அவ்வளவு இழுத்துச்சுன்னு வெச்சுக்கோ. இன்னைக்கு நீ இங்க வந்திருப்பியா?"

அம்பக்கா வராந்தாக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சீருடைகளைப் பார்த்தாள்.

"வந்திருக்க மாட்டேன் அண்ணி."

"ம்."

"பேசியிருக்கணும். பேசத் தோணல. தாள் போடத்தான் தோணுச்சு."

"சரி, உட்காரு. நின்னுட்டே பேசினா இங்க இருக்கிற வார்டன் வந்து யாருன்னு கேப்பா." அண்ணி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "இங்க மாசக் கடைசி வரைக்கும் பணம் கட்டியாச்சு. அது வரைக்கும் இங்கதான். முதல் தேதி வர்றேன். தம்பி கடையில சாப்பிடுறானாமே, வயித்தக் கெடுத்துக்குவான், அதுக்காக வர்றேன். உனக்காகன்னு வர இன்னும் கொஞ்ச நாளாகும்."

"சரிங்க அண்ணி."

"பகல்ல கதவத் தாழ் போட்டுத்தான் தூங்குவேன்."

"போடுங்க."

"எனக்குன்னு தாள் கீள் எதுவும் கிடையாது."

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

உள்ளே ஒரு பெண் புரண்டு படுத்து, "அக்கா, மெதுவாப் பேசுங்களேன், நைட் ட்யூட்டி" என்றாள்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் கணவர் கேட்டார். "என்ன சொன்னா?"

"முதல் தேதி வர்றாங்களாம்."

"எத்தனை நாளைக்கு?"

"அதக் கேக்கலைங்க" என்றாள் அம்பக்கா.

அவர் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். சாப்பாட்டுக் கடை இருக்கும் தெருவில் திரும்பாமல் நேராக வீட்டுக்கு ஓட்டினார்.